இருபத்திரண்டு நிமிடம்

தலை வந்தது, தோள் வந்தது,
மூன்றாவதும் பெண்; வந்ததும் தும்மினாள்.
மொகோட்லோங் மலையில் ஜூலை மாதம்,
சன்னலுக்கு வெளியே பனி,
உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பின் நெடி.
வாசலில் நின்றவர்கள் முடிந்தது என்று சிரித்தார்கள்.
லிமகாட்சோ சிரிக்கவில்லை.

அறுபத்தொன்றாம் உறையைக் கிழித்தாள்.
ஊசி என்றிருந்தால்
ஒரு நிமிடத்துக்குள் தொடையில் குத்தி,
கருப்பை இறுகியதும்
இடக்கை அடிவயிற்றைத் தாங்க
வலக்கை கொடியை மெல்ல இழுக்க,
ஏழாம் நிமிடம் தேநீர்.
பதினாறு ஆண்டாய் அவள் கை அறிந்தது அதுதான்.
சீட்டில் இருந்தது: காத்திரு.

நேற்றிரவு கெனேவேக்கு ஊசி விழுந்தது.
துடிப்பு அடங்கும்வரை
கொடியைத் தொடவே மாட்டாள் அவள்.
தன் வீட்டுப் பூட்டை யாரோ மாற்றிவிட்டதைப்போல்
சீட்டோடு நின்றாளாம்.
சீட்டுக்கு இவளையும் தெரியாது, அவளையும் தெரியாது.
அதற்காகத்தான் சீட்டு.

நான்கு.
கொடி இன்னும் துடிக்கிறது,
தவளைத் தொண்டைபோல.
காத்திருப்பவள் கையை எங்கே வைத்துக்கொள்வாள்?
படிவத்தில் அது இல்லை.
முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஒன்பது.
போர்வைக்குள் பிள்ளையை மார்பில் போட்டபடி
ரெலெபோஹிலே கேட்டாள்:
ஏன் என்னை இப்படிப் பார்க்கிறாய்?
அவள் பார்த்துக்கொண்டிருந்தது
பல ஆண்டுக்கு முன் இதே கட்டிலில் கிடந்த ஒருத்தியை.
அவளுக்கு ஊசி போட்டிருந்தது.
போட்டும்.
குளிர்பெட்டி நின்றுபோய் மருந்து கெட்டிருந்ததா,
கடைசிவரை தெரியவில்லை.

தமிழில் நாம் இதை நஞ்சு என்கிறோம்.
ஒன்பது மாதம் ஊட்டியதற்கு
யார் வைத்த பெயரோ,
உள்ளே தங்கிவிட்டால் என்னாகும் என்று
பார்த்தவர் வைத்ததாக இருக்கும்.
லிமகாட்சோவுக்குத் தமிழ் தெரியாது.
பெயர் தெரியாமலே அதே பயம்.

பதினான்கு. பதினைந்து. அடுப்பு ஒருமுறை இருமியது.

இருபது.
குபுக்கென்று ஒரு கை ரத்தம்.
அவள் விரல் சட்டைப்பைக்குள் போனது.
கொடி ஒரு விரற்கடை நீண்டது.
பிரிந்துவிட்டதா, கிழிந்துவிட்டதா
என்று அவள் எண்ணுவதற்குள்
பெற்றவள் தானாகவே எழுந்து குந்தினாள்,
பிள்ளையை விடாமல்.
முக்கினாள்.
தட்டில் ஈரச் சத்தம்.

முழுசாக இருக்கிறதா என்று
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
துணிகளை எடைபோட்டாள்: முந்நூற்று எண்பது.
கெனேவேயின் நேற்றைய கணக்கு இருநூற்று முப்பது.
இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு
யாரால் என்ன சொல்ல முடியும்?
அலமாரியில் இன்னும் நானூறு உறை.

முறை மீறப்பட்டதா?
இல்லை என்று குறித்தாள்.
பிறகு சட்டைப்பையிலிருந்து
மருந்து ஏற்றிய ஊசியை எடுத்தாள்.
அவள் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.
இன்னொரு புத்தகத்தைத் திறந்து
வீணானது: ஒன்று என்று எழுதினாள்.
காரணம் என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தாள், எடுத்தாள்.