ஒழுகும் அணை

என் சலவைக் கடையில்
ஆறாம் எண் இயந்திரத்துக்கு மேலே
சுவரில் ஒரு கோடு.
கால்டர் ஆறு வந்து போட்டது.
மூன்று முறை வெள்ளையடித்தேன்.
மூன்று முறையும் ஈரம் திரும்பி வந்து
அதே இடத்தில் கையெழுத்திட்டது.

ஞாயிறு கடை பூட்டு.
இரவல் பூட்ஸ், ஓர் அளவு பெரிது.
டாக்ஸி ஓட்டும் நசீம், பல் மருத்துவர் பிலிப்பா,
யாரோடும் பேசாத டெக்லன், நான்.
டாட்மார்டனுக்கு மேலே மலை ஏறுகிறோம்,
ஓடைக்குக் குறுக்கே மரம் கிடத்த.

முதல் கட்டைகளை நெருக்கமாக வைத்தேன்,
இடுக்கில் சேறு அப்பி, கெட்டிக்காரத்தனமாக.
பிலிப்பா பிரிக்கச் சொன்னார்.
ஒழுக வேண்டுமாம்.
மற்ற நாளில் தண்ணீர் அடியில் நுழைந்து போகட்டும்,
பெருமழையில் மட்டும் தடுக்கி விழட்டும்.

அடைத்தே பழகிய கை என்னுடையது:
குழாய், கூரை, மாதக் கணக்கு.
ஓட்டை விட்டு வைக்க
இரண்டு ஞாயிறு பிடித்தது.

ஹோல்ட்ஸ்வர்த் வேலியோரம் நின்று கேட்டார்:
"என் புல் அழுகினால்தான்
உங்கள் கம்பளம் காயுமா?"
எங்களிடம் பதில் இருந்தது.
அது 'ஆமாம்' என்பதால் யாரும் சொல்லவில்லை.
அடுத்த வாரம் கீழ்வயலில் ஆடுகள் இல்லை.
படல் திறந்து கிடந்தது.

குடிமராமத்து:
வரலாற்றுத் தேர்வில் சிறு வினா.
அன்று வாங்கிய இரண்டு மதிப்பெண்ணை
இருபத்தாறு ஆண்டு கழித்து
முழங்கால் வலியாகத் திருப்பிக் கட்டுகிறேன்.

பிப்ரவரியில் வந்தது.
சங்கு ஊதுமுன்பே நசீம் பாலத்தில் நின்று
அளவுக்கம்பத்தில் டார்ச் அடித்து
எல்லோர் கைபேசிக்கும் அனுப்பினார்:
ஒன்று பத்து.
ஒன்று நாற்பது.
இன்னும் ஒன்று நாற்பது.

அணை கடந்த வெள்ளம்
அழுதாலும் வராது என்பார்கள்.
வர வேண்டாம்.
கொஞ்சம் தாமதமாகக் கடந்தால் போதும்
என்றுதான் கேட்டோம்.

கடந்தது. கடைக்குள்ளும் வந்தது,
கோட்டுக்கு இரண்டடி கீழே நின்றது.
நாற்பது நிமிடம் பிந்தி என்று
பிலிப்பா கணக்குப் போட்டார்.
முப்பதாகவும் இருக்கலாம் என்றார்,
பல்லைப் பிடுங்கும் முன்
வலிக்கும் என்று சொல்லிவிடுகிறவர்.

நாற்பது நிமிடத்தில்
மூன்று உலர்த்திகளைச் செங்கல் மேல் ஏற்றலாம்.
ஊராரின் போர்வைகளை
சீட்டு மாறாமல் மாடிக்குக் கொண்டுபோகலாம்.
டெக்லன் கொண்டுபோனான், பேசாமல்,
ஒவ்வொன்றையும் தூங்கும் குழந்தையைப் போல.

ஆறாம் எண்ணை மட்டும் அசைக்க முடியவில்லை.
அதன் வட்டக் கண்ணாடிக்கு
வெளியே தண்ணீர்,
உள்ளே யாருடையதோ காய்ந்த சட்டைகள்.

கடை திறந்த அன்று
ஹோல்ட்ஸ்வர்த் வந்தார்.
சேறு அப்பிய கோட்டை மேசைமேல் போட்டார்.
"என் புல்," என்றார்.
சீட்டு எழுதாமல்
வாங்கிக்கொண்டேன்.

மேலே நான்கு கட்டைகள் நகர்ந்திருக்கின்றனவாம்.
ஞாயிறு கடை பூட்டு.