ஒரே வயர்

பனச்சமூட்டில் இரவு பதினொன்றரை.
சந்தையில் மீன் கழுவிய தண்ணீர்
எந்த மாநிலம் என்று கேட்காமல் ஓடுகிறது.

மறுபடியும் திரை செத்தது.
விசிறிகள் மட்டும் வெறிபிடித்துச் சுற்ற
ஹெட்போனில் ஷினோஜ், வெள்ளறடையிலிருந்து:
"எந்தரடே நிக்கிய, ஓடு!"
அவன் திரையில் நான் நிற்கிறேன்.
என் திரையில் நானும் இல்லை.

டிரைவரை அழித்து ஏற்றியாயிற்று.
ரேமைப் பிடுங்கி, அழிரப்பரால் தேய்த்துச் செருகியாயிற்று.
பவர் சப்ளைக்குள் எறும்பு இட்ட முட்டைகளையும்
ஊதியாயிற்று.
களியக்காவிளை கடைக்காரர்
கார்டு போச்சு என்றார், பதினெட்டாயிரம்.
அன்றைய ரப்பர் ஷீட் விலையை நினைத்து
பேசாமல் பஸ் ஏறினேன்.

இன்று அணைத்துவிட்டு
டார்ச்சைப் பல்லில் கவ்விக் குனிந்தால்
கார்டில் செருகிய இரண்டு முனைகளும்
ஒரே வயரின் கிளைகள்.
சண்டை முற்றும்போதெல்லாம்
ஒரே குழலில் இரண்டு வாய்.

இன்னொரு வயர் பெட்டியிலேயே கிடந்தது,
வாங்கிய நாளின் கட்டு அவிழாமல்.

திரை வந்தபோது பன்னிரண்டே கால்.
அந்த விளையாட்டில்
போனவனின் உடல் போகாது.
விட்ட இடத்திலேயே நின்றிருந்தேன்.
சுற்றிலும் ஒன்பது பிணங்கள்.
முன்னால் முதுகு காட்டி ஷினோஜ்,
தோட்டா தீர்ந்து, கையில் வெறும் கத்தி.

"எந்தரடே,
சாயா குடிக்கப் போனியா?"