ஒற்றைத் துடிப்பு

யஷ்வந்தபுரத்தில் மழை.
ஹீலியம் சிலிண்டரில் மிச்சம் பதினெட்டு பார்.
இரண்டு கண்ணாடித் தகடு, நடுவே மூன்று மில்லிமீட்டர்,
அதற்குள்தான் ஒரு மாதமாக எங்கள் வழக்கு.

மின்னழுத்தம் ஏற ஏற
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு சட்டென்று நீல ஊசிகள்.
அரைச்சுற்றுக்கு எத்தனை கூர் என்று
அலைநோக்கித் திரையில் எண்ண முடியவில்லை.
"எங்க ஏரி மாதிரி, ஒரே வேலிக்காத்தான்"
என்றாள் வாணியம்பாடி பௌசியா.

காற்று உறிஞ்சிய குழாயில் இது சாது.
வாயுவின் முழு எடையையும் தலையில் வைத்தால்
நூல் நூலாகப் பிரிந்துவிடும்.

புட்டசாமி ஷாம்பு கரைத்து வந்து
மூட்டு மூட்டாகத் தடவினார்.
நான்காவதில் ஒரு குமிழி
ஊதி, உடைந்து, மறுபடி ஊதியது.
வெளியே பெய்த மழை
ஈரமாய் உள்ளே வந்த வழி.

திருகை இறுக்கினோம். அரைமணி பொறுத்தோம்.

ஆயிரத்து நானூறு வோல்ட்டில்
தகடு முழுக்க வெளிறிய ஊதா,
ஓர் ஊசி இல்லை.
திரையில் அரைச்சுற்றுக்கு ஒரே ஒரு மேடு.

போன சுற்று கண்ணாடிமேல் விட்டுப்போன மின்சுமை
இந்தச் சுற்றுக்குத் தோள் கொடுக்கிறது.
அதனால், பற்றவைத்த அளவுக்குக் கீழேயும் எரிகிறது:
பௌசியா குறைத்துக்கொண்டே போகிறாள்,
ஆயிரத்து முந்நூறு,
ஆயிரத்து இருநூற்றைம்பது,
அணையவில்லை,
இருநூறு

சிலிண்டர் முள் பன்னிரண்டில்.
யாரும் பேசவில்லை.
புட்டசாமி மட்டும் குனிந்து பார்த்து,
"ஊட்டா ஆய்த்தா?" என்றார்.
எங்களைக் கேட்டாரா
அதைக் கேட்டாரா, தெரியவில்லை.