நாலில் ஒன்று

அவிநாசி சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடியில்
வக்கீல் தெய்வசிகாமணிக்கு
நான் கேட்டதில் பாதிக் கேள்வி பிடிக்கவில்லை.

ஏனுங்க, பட்டா இருந்தாப் போதாதுங்களா?
போதாதுங்க.
பத்திரம்?
அதும் போதாதுங்க.
முப்பது வருசத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சுங்களே,
ஒண்ணுமில்லைன்னு வந்திருச்சே?
பதிஞ்ச வில்லங்கந்தானுங்க அதுல வரும்
என்று மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்.
பதியாத வில்லங்கத்துக்கு
எந்தக் கவுண்டரில் மனுக் கொடுப்பது
என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அட்வான்ஸ் ரெண்டு லட்சம் போயிருந்தது.
ஏலச்சீட்டு, என் பி.எஃப்., மகளின் தோடு.
மயில்சாமி பழக்கமான ஆள்தான் என்கிறார் வீட்டுக்காரர்.
பழகாத ஆளிடம் யார் ஏமாறுகிறார்கள்?

நான் திருப்பூரில் செக்கிங்.
பத்தொன்பது வருசமாய் டியூப்லைட்டுக்கு அடியில்
பனியனை விரித்து, புரட்டி, மறுபடி விரித்து
தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள்.
பையில் எப்போதும் ஒரு பட்டை கிடக்கும்.
அதில் ஒன்றைக் கிழித்துத்
தாய்ப்பத்திரத்தின் நாலாம் பக்கத்தில் ஒட்டினேன்.

வாரிசுச் சான்றில் நாலு பேர்.
கையெழுத்து மூன்று.
பாவாத்தாள் எங்கே?

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மயில்சாமி சொன்னார்:
"அதுங்களா, அது கட்டிக் குடுத்த புள்ளைங்க."

பாவாத்தாள் குன்னத்தூரில்
மாட்டுத்தீவனக் கடைக் கல்லாவில் இருந்தார்.
பருத்திக்கொட்டை மூட்டைக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே
எல்லாம் கேட்டார்.
விடுதலைப் பத்திரம்னு ஒண்ணுங்க்கா,
ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும் என்றார் மயில்சாமி.
எனக்கு எத்தனை அடி வருதுங்க?
யாரும் வாயைத் திறக்கவில்லை.
கிழமேல் முப்பத்திமூன்று, தென்வடல் முப்பத்திமூன்று,
நாலில் ஒன்று.
கால்குலேட்டரைத் தானே எடுத்துத் தட்டினார்.
இருநூற்று எழுபத்திரண்டே கால்.
"அந்தக் காலையும் எழுதிக்குங்க."

வெள்ளிக்கிழமை வந்தார்.
நான் வாங்கப்போகிற வீட்டுக்குள்
என்னைப் பார்க்காமல் நடந்தார்,
அடிமேல் அடி வைத்து,
சமையலறைச் சுவரிலிருந்து குளியலறைக் கதவு வரைக்கும்.
அங்கே நின்றார்.
வெளியே வந்து விலை சொன்னார்.
பத்துப் பைசா குறைக்கவில்லை.
மயில்சாமி முகத்தில் எள் போட்டால் பொரிந்திருக்கும்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.
அப்பன் செத்து முப்பதாம் நாள் முடிந்த மறுநாள்
அண்ணன் கோபிக்குக் காரில் கூட்டிப்போனான்.
இங்கே ஒண்ணு சாந்தா, அங்கே ஒண்ணு என்றான்.
போட்டேன்.
வெயிலாய் இருக்குதுன்னு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தான்.
ஐஸ் நிறையப் போட்டிருந்தது, நன்றாகத்தான் இருந்தது.
எத்தனை அடி என்று
இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை பத்திரம் தயார்.
எழுத்தர் கதிர் அறுக்கிற வேகத்தில் வாசித்தார்.
யாதொரு வில்லங்கமும் இல்லையென்றும்,
இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திரமாய்,
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது...

நில்லுங்க. அதென்னங்க, புத்திர?
"மகன், பேரனுங்க. வழக்கமா அடிக்கிற வாசகந்தானுங்."
எனக்கு இருக்கிறது ஒரு மகள்.
"அதெல்லாம் சட்டத்துல வந்துருமுங்க்கா, வாசகம் சும்மா."
சும்மா எதுக்குங்க முத்திரைத்தாளில்?

உள்ளே டோக்கன் நாற்பத்தொன்று என்று கூப்பிட்டார்கள்.
வீட்டுக்காரர் எழுந்து வேட்டியை உதறினார்.
நான் பையைத் திறந்து
ஸ்டிக்கர் பட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.
இருங்க, என்றேன்.