இருபத்தெட்டுச் சரிகள்

பிலியந்தலையிலிருந்து இழுத்து வந்த புது வண்டி
ஹபரணைக்கு இப்பால் ஒரு ஜன்னலைத் தவறவிட்டது.
கந்தளாயில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோதுதான்
சாரதி கண்டான்.
'சின்ன விசயம் அக்கா' என்றான்,
ஓட்டைக்குள்ளால் வயல் தெரிந்தது.

அலஸ்தோட்டத்தில், கடலுக்கும் றோட்டுக்கும் நடுவே
நாலு கல் வைத்து நிறுத்தினோம்.
இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, கையளவு கக்கூசு.
வெள்ளைக்காரருக்கு இரவுக்குப் பதினெட்டாயிரம் என்று
கொப்பியில் கணக்கு வைத்திருந்தேன்.
பார்க்க வந்தவர்களில் ஒருத்தி
சக்கரத்தைத் தடவிச் சொன்னாள்:
'ஓடவேண்டி வந்தால் வீட்டோடயே ஓடலாம்.'
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லாரும் சிரித்தோம்.

முதல் வாடை மழை.
ஒழுக்கு கூரையால் வரவில்லை.
சுவருக்குள்ளிருந்து, தலைமாட்டில்,
வியர்வை மாதிரி வந்தது.
மெத்தை குடித்தது. பலகை
தேத்தண்ணியில் மறந்த பிஸ்கட்டாய் ஊதிற்று.
கக்கூசுக் கதவைச் சாத்தினால்
அடுப்புக்கு மேல் அலுமாரி திறந்தது.
பச்சைத்தண்ணிப் பைப்பில் சுடுதண்ணி,
சுடுதண்ணிப் பைப்பில் ஒன்றுமேயில்லை.

கிண்ணியாவிலிருந்து நௌபர் நானா வந்து
பலகையைக் கழற்றினார்.
ஐந்து ஆணி வரவேண்டிய இடத்தில் இரண்டு.
மற்ற மூன்றும் ஆணியே காணாத துளைகள், அவ்வளவு துப்புரவு.
ஜன்னல் விளிம்பில் பூசிய பசை
மூன்று பக்கம் சுற்றி வந்து
நாலாம் பக்கத்தில் நின்றிருந்தது,
கதையின் நடுவே யாரோ எழுந்து போனதுபோல.
'செஞ்சவனும் பிழைதான் தங்கச்சி,
பாத்தவன் அதைவிடப் பிழை' என்றார்.

கொம்பனிக்கு எடுத்தேன்.
'கடல் காற்று, மெடம்.'
கடல் காற்று ஆணியைக் கறளாக்கும்,
இல்லாத ஆணியை என்ன செய்யும் என்று கேட்டேன்.
இசை போட்டுக் காத்திருக்க வைத்தார்கள்.
உத்தரவாதக் கடதாசியைப் படம் எடுத்து அனுப்பட்டாம்.

அதைத் தேடப்போய் மற்றதைக் கண்டேன்,
உறைக்குள் நாலாய் மடித்து:
பரிசோதனைத் தாள்.
கூரை, மூட்டு, கதவு, கசிவு என்று
இருபத்தெட்டு வரி. இருபத்தெட்டுச் சரி.
எல்லாம் ஒரே சரிவு, ஒரே நீளம்,
ஒன்றின் வால் அடுத்ததன் தலையில்,
பேனை தூக்கப்படாமல்
மேலிருந்து கீழே இறங்கியிருந்தது.
ஒப்பம்: கயான். நேரம்: 5.42.

அந்தக் கை எனக்குத் தெரியும்.

ஏழு வருஷம் கட்டுநாயக்காவில் நான் 'பார்த்தவள்'.
கொலர், பொத்தான், அக்குள் தையல்.
மணிக்குத் தொண்ணூறு சட்டை,
ஐந்தே முக்காலுக்கு பஸ்.
ஐந்து நாற்பதுக்கு மேசையில் இன்னும் அறுபது கிடந்தால்
என் பேனையும் தூங்கிக்கொண்டே இறங்கும்.
எங்கோ ஒரு குளிர்நாட்டில்
வேலை கேட்டுப் போன ஒருத்தனின் மூன்றாம் பொத்தான்
கையோடு வந்திருக்கும்.
என்னை எந்த மொழியில் திட்டினானோ.
இந்த வண்டி
அந்தச் சரிகளின் சேமலாபக் காசு.

தாளின் அடியில் கயானின் நம்பர் இருந்தது.
கிழிக்கக் கிழிக்கப் பேசுவதென்றுதான் எடுத்தேன்.
மணி அடித்தது, அடித்தது.
சுவரில் பார்த்தேன்: ஐந்து ஐம்பது.
பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பான்,
ஒரு கை மேல்கம்பியில்.
வெட்டிவிட்டேன்.

கொம்பனிக்குக் கடிதம் எழுதினேன்.
கயான் என்று எழுதி, வெட்டி,
இல்லாத ஆணிகளை மட்டும் எண்ணிப் போட்டேன்:
நாற்பத்தொன்று.
நௌபர் நானா நாற்பது என்கிறார்.
டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு
மறுபடி முதலாம் துளையில் தொடங்கினோம்.
வாளி நிரம்பிவிட்டது, யாராவது ஊற்றவேண்டும்.