நூறு கிராமுக்கு

செவ்வாய்க்கிழமை, சீனி வருத்தக் கிளினிக்.
நாற்பத்தேழாம் நம்பர்த் துண்டோடு
குருநகர் மரியநேசன் வந்து குந்தினார்.
மருந்துக் கொப்பியை வீட்டில் விட்டிட்டார்.
மடியில் நீல ரின் ஒன்று,
மூடியில் வெளிச்சவீடு.

"மோன் பாரிசிலயிருந்து அனுப்பினவன்.
என்ன எழுதியிருக்கெண்டு
ஒருக்காப் பாருங்கோ பிள்ளை."

பிரெஞ்சு எனக்குத் தெரியாது.
இலக்கம் தெரியும்.
நூறு கிராமுக்கு ஐந்நூற்றிப் பத்துக் கலோரி,
கொழுப்பு இருபத்தைந்து,
சீனி இருபத்தாறு.
கடைசி வரியில் ஒன்று தசம் மூன்று;
உப்பாயிருக்க வேணும் என்றேன்.

அதற்குத்தான் நிமிர்ந்தார்.
"நான் அப்பவே பிடிச்சிட்டன்!
முதல்ல இனிப்பு வரேல்லை.
கடிச்சவுடன பொலபொலவெண்டு உடைஞ்சு
குறுமணல் மாதிரி நாக்கில நிக்குது.
பேந்து பட்டர்.
விழுங்கி முடியத்தான் உப்பு,
தோணியில கை துடைக்காமல்
பீடி பிடிச்ச மாதிரி.
ஆனா எங்கட கடலில்லை.
இது குளிர்த்தண்ணி உப்பு."

வெறுவயிற்றில் இருநூற்றிப் பன்னிரண்டு.
போன மாதம் நூற்றி அறுபது.
ரின்னைத் திறந்தால் மிச்சம் ஒன்பது.
"எப்ப வந்தது?"
"வெள்ளி."
"நீங்கள் மட்டுமோ?"
"மனிசியும்தான்" என்றார்.
கதவடியில் நின்ற செபமலர் அக்கா
இல்லையென்று தலையாட்டினா.

பிறகு பேரம்,
மீன் சந்தையில் கூறு பிரிக்கிற பேரம்.
இரவுப் புட்டில் ஒரு பிடி குறைக்கிறாராம்.
காலமைப் பாணில் பாதி விடுகிறாராம்.
வெறுந்தேத்தண்ணிக்குக் கடிக்கிற
பனங்கட்டியையே கைவிடுகிறாராம்,
அந்த இடத்துக்கு இது.

கொப்பியில்லாத மனுசனுக்கு
வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன்:
கிழமைக்கு இரண்டு.
பனங்கட்டி இல்லை. நடை முப்பது நிமிடம்.
"இரண்டெண்டால், உடைஞ்ச துண்டெல்லாம்
கணக்கில வருமோ?"
வரும் என்றேன்.
அது அநியாயம் என்று எழும்பினார்.

போகும்போது
நம்பர்த் துண்டில் சுற்றி ஒன்றை
என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
"அப்ப எனக்கு எட்டுத்தான். எழுதுங்கோ."

பதினைந்து கிராம் இருக்கும்.
எழுபத்தாறு, எழுபத்தேழு கலோரி.
காலமை தொடங்கி
நாற்பத்தேழு பேருக்கு வேண்டாம் சொன்ன வாய்.

மணல் என்றது சரி.
பட்டர் வந்தது.
உப்புக்குக் காத்திருந்தேன்,
அதற்குள் அடுத்தவர் வந்து இருந்துவிட்டார்.
"நாற்பத்தெட்டோ?" என்று கேட்கப் போக
ஒரு பொடி பறந்து
அவருடைய கொப்பியில் விழுந்தது,
இருநூற்றி நாற்பது என்ற
இலக்கத்துக்கு மேல்.

அவர் அதைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"சொல்லுங்கோ" என்றேன்,
அப்போதுதான் உப்பு வந்தது.