ஒரு ஹாரன் என்றால் சம்மதம்

விருதுக் குழுவினர் மூவர் வந்த அன்று
மழை இல்லை.
எங்கள் ஊரில் அதுவே செய்தி.
வேல்ஸ் மலைச்சரிவில், பலகைக்கல் குவாரிக்குக் கீழே,
மேகத்துக்கு வேறு போக்கிடம் கிடையாது.

மூவரும் அண்ணாந்தே நடந்தார்கள்.
பழைய கூரைக்கல்லில் பத்துக்கு ஏழு
மறுபடி மேலேறியிருப்பதை மெச்சினார்கள்.
நான் பொருளாளர்.
எனக்குத் தெரிந்தது மீதி மூன்றின் விலை.

குவாரிக்காரர்கள் வாரக்கூலியில்
ஆளுக்கொரு பென்னி பிடித்துக் கட்டிய மன்றம் இது.
முதல் பேரேடு என் அலமாரியில் இருக்கிறது.
ஒரு பெயருக்கு நேரே
'கால் போயிற்று, இனி பென்னி வேண்டாம்' என்றொரு குறிப்பு.
அடுத்த சனிக்கிழமை, அதே பெயர்,
ஒரு பென்னி வரவு.

வாளி ஏழு இருந்தன, ஒழுக்குக்கு ஒன்றாக.
எலினெட் இன்னும் அவற்றை எறியவில்லை.
ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி
மேடைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.
'கூரைக்குப் பத்து வருட உத்தரவாதம்' என்றேன்.
'மழைக்கு?' என்றாள்.

புகைப்படக்காரர் நாற்காலிகளை எடுக்கச் சொன்னார்.
மாட்டியிருந்த கோட்டுகளை, தேநீர்க் கொதிகலனை,
செவ்வாய்க்கிழமைக் குழந்தைகள் விட்டுப்போன
ஒற்றை மஞ்சள் பூட்ஸை.
வெளிச்சத்துக்கு இடம் வேண்டுமாம்.
பத்திரிகையில் பார்த்தோம்:
யாருமே பிறக்காத ஊரின் மன்றம்போல
அவ்வளவு அழகு.

பாராட்டுரையில் கல் இருந்தது, ஒளி இருந்தது,
'நிதானம்' என்ற சொல் மூன்று முறை இருந்தது.
சரிவுப்பாதை இல்லை.

அதைப் போட்டது கெதின்.
முதலில் ஊற்றியதை, செங்குத்து என்று
அவனே உடைத்தான்.
சக்கர நாற்காலி ஒன்றை இரவல் வாங்கி
தானே உட்கார்ந்து, தானே உருட்டி,
மூச்சு வாங்கி, ஒரு கெட்ட வார்த்தை சொல்லி,
பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றமாக
மறுபடி ஊற்றினான்.
அந்த சிமெண்ட் மூட்டைகள் என் கணக்கில்
'இதர செலவு.'

அதுவரை யோர்வெர்த்
பதினோரு ஆண்டுக் கூட்டத்துக்கும் வந்தார்,
வேனுக்குள் இருந்தபடி.
வாசலில் ஏழு படி.
ஜன்னலைத் திறந்து தீர்மானத்தை உரக்கப் படிப்போம்.
ஒரு ஹாரன் என்றால் சம்மதம்.
இரண்டு என்றால் மறுப்பு.
பதிவேட்டில் எழுதுவேன்: 'கைகள் பத்தொன்பது, ஹாரன் ஒன்று.'
சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறேன்.
அதை இப்போது படிக்க முடியவில்லை.

விருதுக்குப் பின் வந்த முதல் கூட்டம்.
அவர் சரிவில் ஏறி வந்தார். யாரும் தள்ளவில்லை.
உள்ளே வந்ததும் கூரையைப் பார்க்கவில்லை,
எங்கள் முகங்களைத்தான்
ஒவ்வொன்றாகப் பார்த்தார்.
ஜன்னல் வழியே குரலாக மட்டும் தெரிந்தவர்கள்
இவ்வளவு நரைத்திருப்பார்கள் என்று
நினைக்கவில்லை போலும்.

தீர்மானம் என்னுடையது:
மன்றத்துக்குப் பேர் வந்துவிட்டது,
வாடகையை மணிக்கு நாலு பவுண்டிலிருந்து ஒன்பதாக்கலாம்.
'இதற்காகவா ஏறி வந்தேன்?' என்றார்.
கை தூக்கினார், மறுப்புக்கு.
பின்னாலேயே கெதின். எலினெட்.
தையல் குழு முழுக்க.
தோற்ற கணக்கை
நானே எழுதினேன்: பதினாறுக்கு நாலு.

விருதுப் பலகையை எங்கே மாட்டுவது
என்பதற்கு மட்டும் ஒரு மணி நேரம்.
கடைசியில் சரிவு தொடங்கும் சுவரில்,
உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராக.
நிற்கிறவர்கள்
குனிந்துதான் படிக்க வேண்டும்.
தபால்காரர் குனியவில்லை.
ஒரு நாய் முகர்ந்து பார்த்துப் போனது.

நாலு திருகாணி, இரண்டு பவுண்டு பத்து.
கெதின் ரசீது தரவில்லை.
கேட்டால் மழையைப் பார்க்கிறான்.